பாரிஸை விட்டுப் போன மிலே

1849-ஆம் ஆண்டு, ஜூன் மாதம். பாரிஸ் நகரத்தில் காலரா பரவியிருந்தது. எந்தத் தெருவைப் பார்த்தாலும் சாவு. அந்த ஓர் ஆண்டில் அந்த ஒரு நகரத்தில் மட்டும் சுமார் 19,000 பேர் காலராவுக்குப் பலியானார்கள்.

அந்த நகரத்தில் ஓர் ஏழை ஓவியர் குடியிருந்தார். அவருக்கு மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள. மூத்த பெண்ணுக்கு மூன்று வயது நிறையவில்லை. கடைசிப் பையன் கைக்குழந்தை. நோய்ப் பயம் ஒரு பக்கம். நாளைச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கவலை மறு பக்கம்.

இந்தச் சமயத்தில் அவருடைய நண்பர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். நண்பரின் பெயர் சார்ல் ஜாக். அவரும் சித்திரக்காரர்தான். பாந்தென்புளோ காட்டின் ஓரத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது, அங்கே செலவு குறைவு, காற்றும் நன்றாக இருக்கும், காலரா அடங்கும் வரையில் அங்கே போய் இருக்கலாம் என்றார். ஊரின் பெயர் என்ன என்று கேட்டால் அது மட்டும் அவருக்கு நினைவில்லை. முடிவில் சோன் என்று வரும் என்றார்!

முழுப் பெயர் கூடத் தெரியாத அந்த ஊருக்குப் போவது என்று ஓவியர் முடிவு செய்தார். அரசாங்கம் வாங்கிய ஒரு படத்துக்கான பணம் அப்பொழுது அவர் கையில் கொஞ்சம் இருந்தது. சில வாரங்கள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்பது எண்ணம்.

அந்த ஊர் பார்பிசோன். அந்த ஓவியர் ழான் பிரான்சுவா மிலே. சில வாரங்களுக்கு என்று போனவர், சாகும் வரையில் 25 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். வயலில் கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள், மாலை மணி ஓசை கேட்டுத் தலை குனிந்து நிற்கும் கணவன் மனைவி ஆகிய இரண்டு படங்களையும் பார்க்காதவர்கள் குறைவு. இரண்டும் அந்தச் சிற்றூரில் பிறந்தவை.

உழவர் வீட்டுப் பிள்ளை

மிலே பட்டணத்தில் பிறந்தவர் அல்லர். பிரான்சு நாட்டின் வடமேற்கே நார்மண்டி என்ற பகுதி இருக்கிறது. அங்கே கடற்கரையை ஒட்டிய குருஷி என்ற குக்கிராமத்தில் 1814-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ந்தேதி பிறந்தார். உடன் பிறந்தவர்களையும் சேர்த்து வீட்டில் எட்டுக் குழந்தைகள். மிலே மூத்த மகன். தந்தை உழவர். தாயாரும் வயலில் வேலை செய்பவர். ஆகவே பேரனை வளர்த்தவர் பாட்டிதான். அவர் தெய்வபக்தி மிகுந்தவர். உழவு, விதைப்பு, அறுப்பு, எருச் சுமப்பது எல்லாம் மிலேக்குச் சிறு வயதிலேயே பழக்கம். ஊர்ப் பாதிரியாரிடம் லத்தீன் மொழியும் படித்தார்.

பையனுக்குப் படம் வரைவதில் கை வந்தது. தந்தை அதைத் தடுக்கவில்லை. குடும்பத்தில் உழைப்பதற்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. அப்படியும் 1833-இல் பக்கத்து நகரமான ஷெர்பூரில் ஓர் ஓவிய ஆசிரியரிடம் மகனைச் சேர்த்துவிட்டார். இரண்டு ஆண்டுகளில் தந்தை இறந்துபோனார். மூத்த மகன் கலப்பையைப் பிடிக்க ஊருக்குத் திரும்பினார். ஆனால் பாட்டி விடவில்லை. கடவுள் கொடுத்த தொழிலைக் கைவிடக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

1837-ஆம் ஆண்டு ஷெர்பூர் நகரசபை அவருக்கு உதவித் தொகை கொடுத்துப் பாரிஸுக்கு அனுப்பிவைத்தது. அப்பொழுது மிலேக்கு வயது 22. ஜனவரி மாதத்துக் குளிரில், பனி கொட்டும் மாலை நேரத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். தெருவெல்லாம் சேறு. விளக்கு வெளிச்சம் மங்கல். வண்டிகளின் இரைச்சல். ஓங்குதாங்கான அந்தக் கிராமத்து இளைஞருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு அழுகை வந்துவிட்டது. தெருவில் இருந்த ஊற்று நீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்ட பிறகே மனம் தெளிந்தது. பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

பாரிஸில் பட்ட பாடு

உதவித் தொகை இரண்டு ஆண்டுகளில் நின்றுபோனது. அதன் பிறகு பாரிஸ் வாழ்க்கை மிலேயைப் பிழிந்து எடுத்துவிட்டது.

பாரிஸ் அப்பொழுது ஏறக்குறைய 10 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த நகரம். இன்று நாம் படங்களில் காணும் அகலமான சாலைகள் அன்று இல்லை. அவை பிறகு போடப்பட்டவை. அன்று இருந்தவை இடுக்கான தெருக்கள், இருட்டு அறைகள். அந்த அறைகளுக்கும் வாடகை கொடுத்தாக வேண்டும். விறகும் ரொட்டியும் விலை கொடுத்து வாங்க வேண்டும். கிராமத்தில் கொல்லைப்புறத்தில் பறிக்கும் கீரைக்குக் கூட அங்கே காசு.

மிலே எதை வரைந்து விற்றார்? பழைய ஓவியர்களின் பாணியில் அலங்காரப் படங்கள் வரைந்து 20 பிராங்க் விலைக்கு விற்றார். (பிராங்க் என்பது அந்நாளைய பிரெஞ்சு நாணயம்.) ஐந்துக்கும் பத்துக்கும் மனிதர்களின் முகங்களை வரைந்து கொடுத்தார். 1841-இல் ஷெர்பூரைச் சேர்ந்த போலீன் என்ற பெண்ணை மணந்து பாரிஸுக்கு அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்கு நகர வாழ்க்கை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றே ஆண்டுகளில் காசநோய் கண்டு இறந்துபோனாள்.

அதன் பிறகு அவர் வாழ்க்கையில் வந்தவள் காதரீன். வீட்டு வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண். இவளை மிலே ஊராருக்குத் தெரியத் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் தாயார் இருந்த வரையில் ஊருக்கு அழைத்துப் போகவும் இல்லை. மிலே நல்லவர்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் துணிவு காட்டவில்லை என்றே சொல்ல வேண்டும். அதற்குரிய வேதனையைப் பிறகு அவரும் அனுபவித்தார்.

1848-இல் பிரான்சில் புரட்சி மூண்டது. அரசர் ஓடிப்போனார். தெருவில் துப்பாக்கிச் சண்டை. படம் வாங்க யார் வருவார்கள்? மருத்துவச்சி ஒருத்தி தன் வீட்டு வாசலில் மாட்ட ஒரு விளம்பரப் பலகை எழுதித் தரச் சொன்னாள். மிலே எழுதிக் கொடுத்தார். கூலி 30 பிராங்க். அந்தப் பணத்தில் குடும்பம் இரண்டு வாரம் சாப்பிட்டது!

அந்த நாட்களில் ஒரு நாள், அரசாங்க உதவியாக 100 பிராங்க் எடுத்துக்கொண்டு நண்பர் ஒருவர் மிலேயின் அறைக்குப் போனார். அறையில் வெளிச்சமில்லை, அடுப்பில் நெருப்பில்லை. குளிரில் முதுகை வளைத்துக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார் மிலே. பணத்தை வாங்கிக்கொண்டு, நல்ல சமயத்தில் வந்தது, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, குழந்தைகளை மட்டும் பட்டினி போடவில்லை என்று சொன்னாராம். உடனே எழுந்து விறகு வாங்கப் போய்விட்டார்.

மனைவி சொன்ன பதில்

இந்தச் சமயத்தில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். ஒரு மாலையில் மிலே தெருவில் நடந்துகொண்டிருந்தார். கடை ஒன்றின் கண்ணாடிக்குள் அவர் வரைந்த படம் மாட்டியிருந்தது. குளிக்கும் பெண்களின் படம். அதை இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இது யார் வரைந்தது என்று ஒருவன் கேட்டான். மிலே என்று ஒருவன் இருக்கிறான், ஆடையில்லாத பெண்களைத் தவிர வேறு எதையும் வரையத் தெரியாதவன் என்றான் மற்றவன்.

அது மிலேயின் மனத்தில் தைத்தது. வீட்டுக்குப் போய்க் காதரீனிடம் பேசினார். இனி அப்படிப்பட்ட படங்களை வரைய மாட்டேன், வருமானம் இன்னும் குறையும், நீ கஷ்டப்படுவாய், உனக்குச் சம்மதமா என்று கேட்டார். தான் தயார் என்றாள் காதரீன். அவர் விருப்பப்படி செய்யட்டும் என்றாள்.

கதை எவ்வளவு தூரம் உண்மையோ! மிலேயின் நண்பர் சென்சியே எழுதிய வரலாற்றில் வருகிறது. ஆனால் ஒன்று நிச்சயம். மிலே அந்தப் படங்களை விட்டார், பாரிஸையும் விட்டார். அதன் பாரத்தில் பாதியைச் சுமந்தவள் காதரீன்.

கூத்தாடிக் கூட்டமா?

பார்பிசோன் பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் பெருங்காடு. மறு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரையில் வயல்வெளி. நடுவில் ஒரே தெரு. அன்றைக்கு அந்த ஊரில் கோயிலும் இல்லை, சந்தையும் இல்லை.

குடும்பத்தார் வண்டியில் பாந்தென்புளோ வரையில் போனார்கள். அங்கிருந்து காட்டு வழியாகப் பார்பிசோனுக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. மிலே இரண்டு பெண் குழந்தைகளையும் தோளில் தூக்கிக்கொண்டார். காதரீன் கைக்குழந்தையை மூடிக்கொண்டு நனைந்தபடி நடந்தாள். இந்தக் கோலத்தில் ஊருக்குள் நுழைந்தவர்களைப் பார்த்த கிழவி ஒருத்தி, கூத்தாடிக் கூட்டம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம்!

முதலில் கான் என்பவருடைய சத்திரத்தில் தங்கினார்கள். காட்டை வரைய வரும் ஏழை ஓவியர்கள் குறைந்த செலவில் தங்கும் இடம் அது. பொழுது போகாவிட்டால் சுவரிலும் அலமாரிக் கதவிலும் கூடப் படம் வரைந்துவிடுவார்கள். சிறிது காலத்தில் மிலே உழவர் வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். தாழ்வான கூரை. சின்னச் சின்ன அறைகள். பக்கத்தில் ஒரு தானியக் கொட்டகை. அதுதான் படம் வரையும் இடம்.

வீட்டோடு தோட்டம் இருந்தது. அது மிலேக்குப் பெரிய பாக்கியம். காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார். கொத்துவார், விதைப்பார், காய்கறி பறிப்பார். நடுப்பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகைக்குள் போய்ப் படம் வரைவார். காலில் மரச் செருப்பு. தலையில் பழைய வைக்கோல் தொப்பி. பார்த்தவர்கள் அவரை ஓவியர் என்று சொல்ல மாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் வயல் பக்கம் உலாவப் போவார். விதைப்பவன், விறகுச் சுமைக்காரி, ஆட்டுக்காரப் பெண் எல்லாரையும் நின்று பார்ப்பார். அங்கேயே உட்கார்ந்து வரைவது அபூர்வம். பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு வந்து வீட்டில் வரைவார்.

பாரிஸில் 12 ஆண்டுகள் திண்டாடியபோது அவருக்கு அகப்படாத பொருள் இங்கே வாசலிலேயே கிடந்தது. சிறு வயதில் தாம் செய்த வேலைகளையே வரையத் தொடங்கினார். வந்த மறு ஆண்டே விதைப்பவன் படம் வெளிவந்தது. இருளும் நேரத்தில், மேட்டு நிலத்தில், கையை வீசி விதை தூவிக்கொண்டு இறங்கி வருகிறான் ஓர் உழவன். பிற்காலத்தில் வின்சென்ட் வான்கோ இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தாமும் பல முறை வரைந்தார்.

கிராமத்திலும் கடன்

கிராமத்துக்குப் போனதும் மிலேயின் வறுமை தீர்ந்துவிட்டதா? இல்லை. காய்கறி தோட்டத்தில் விளைந்தது, கோதுமை விளையவில்லையே! குழந்தைகள் வருஷத்துக்கு வருஷம் பெருகினார்கள். மொத்தம் ஒன்பது பேர். ரொட்டிக்காரரிடம் கடன், மளிகைக் கடையில் கடன், தையற்காரரிடம் கடன். மாதம் பிறந்தால் யாராவது ஒருவர் வாசலில் வந்து நிற்பார். ரொட்டி கொடுப்பதை நிறுத்திவிடுவேன் என்ற பயமுறுத்தலையும் மிலே கேட்க நேர்ந்தது.

நகரத்தை விட்டு வந்ததில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. படம் வாங்குகிறவர்கள் எல்லாரும் பாரிஸில் இருந்தார்கள். வரைவது இங்கே, விற்பது அங்கே. நடுவில் சென்சியே இருந்தார். அவர் பாரிஸில் அரசாங்க உத்தியோகஸ்தர். படங்களை விற்றுக் கொடுப்பார். வர்ணமும் துணியும் வாங்கி அனுப்புவார். அவசரத்துக்குப் பணமும் தருவார். அதற்குப் பதிலாகப் படங்களை எடுத்துக்கொள்வார். அவரை நண்பர் என்றும் சொல்லலாம், வியாபாரி என்றும் சொல்லலாம். எப்படியானாலும் அவர் இல்லாவிட்டால் மிலே குடும்பம் பல மாதங்கள் அடுப்பு மூட்டியிராது.

பணமில்லாத கொடுமை வேறொரு விதத்தில் மிலேயைத் தாக்கியது. 1851-இல் ஊரில் பாட்டி இறந்தார். மிலே போகவில்லை. தாயாருக்கு மகனைப் பார்க்க ஏக்கம். கடிதம் மேல் கடிதம் வந்தது. பார்பிசோனிலிருந்து நார்மண்டிக் கடற்கரைக்குப் போகப் பணம் வேண்டும். போனால் வீட்டில் சாப்பாட்டுக்கு வழி வேண்டும். இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. 1853-இல் தாயாரும் இறந்துபோனார். பேரன் பேத்திகளின் முகத்தை அவர் கண்டதில்லை. அதே 1853-ஆம் ஆண்டில்தான் மிலே காதரீனைச் சட்டப்படி மணந்துகொண்டார்.

அமெரிக்கக் கனவான்

பார்பிசோனில் மிலேக்கு வாய்த்த பெரிய செல்வம் ஒன்று உண்டு. அது தியோடோர் ரூசோ என்ற ஓவியரின் நட்பு. (புகழ்பெற்ற தத்துவஞானி ரூசோ வேறு, அவர் இதற்கு முன்பே காலமானவர்.) காட்டு மரங்களை வரைவதில் நிகரற்றவர். முதலில் மிலேயும் அவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இருவரும் கூச்சக்காரர்கள். பழகிய பிறகு சகோதரர்கள் போல ஆனார்கள்.

1855-இல் மிலே ஒரு படம் வரைந்தார். உழவன் ஒருவன் மரத்தில் ஒட்டுக் கட்டுகிறான். கைக்குழந்தையுடன் மனைவி நின்று பார்க்கிறாள். அந்தப் படத்தைப் பணக்கார அமெரிக்கர் ஒருவர் 4,000 பிராங்க் கொடுத்து வாங்கிக்கொள்ள விரும்புவதாக ரூசோ வந்து சொன்னார். மிலேயால் நம்பவே முடியவில்லை. பணமும் வந்து சேர்ந்தது. வெகு நாளைக்குப் பிறகுதான் உண்மை தெரிந்தது. அமெரிக்கரும் இல்லை, ஒருவரும் இல்லை. ரூசோவே தம் பணத்தைக் கொடுத்து வாங்கியிருந்தார். நேரில் கொடுத்தால் மிலே வாங்க மாட்டார் என்று இந்தப் பொய்யைச் சொன்னார்!

கதிரும் மணியும்

1857-இல் கதிர் பொறுக்கும் பெண்கள் படம் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அறுவடை முடிந்த நிலத்தில் சிந்திய கதிர்களை ஏழைகள் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது பிரான்சில் பழைய வழக்கம். நம் நாட்டிலும் இதைப் பார்த்திருக்கிறோம். படத்தில் தூரத்தே மலை போல் போர் குவிந்திருக்கிறது. கண்காணி குதிரை மேல் இருக்கிறான். முன்னே மூன்று பெண்கள் முதுகு வளைந்து ஒவ்வொரு கதிராகப் பொறுக்குகிறார்கள். அவ்வளவுதான் படம். இதைக் கண்டு பாரிஸ் சீமான்கள் சிலர் மிரண்டு போனார்கள்! ஏழைகளைத் தூண்டிவிடும் படம் என்று பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. மிலேக்குக் கேட்ட விலை கிடைக்கவில்லை.

அடுத்து வந்தது மாலை மணிப் படம். கிறிஸ்தவக் கோயில்களில் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் ஜெபத்துக்கு மணி அடிப்பார்கள். குருஷியில் வயல் வேலை நடக்கும்போது மணி ஓசை கேட்டால் பாட்டி எல்லாரையும் நிறுத்தி, இறந்தவர்களுக்காக ஜெபம் செய்யச் சொல்வார். அந்த நினைவில் மிலே இதை வரைந்தார். உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் அந்தி வெளிச்சத்தில் தலை குனிந்து நிற்கிறார்கள். சின்னப் படம். உயரம் 55 சென்டிமீட்டர், அகலம் 66 சென்டிமீட்டர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ஒருவர் சொல்லித்தான் மிலே இதை வரைந்தார். சொன்னவர் வந்து எடுத்துக்கொள்ளவில்லை. 1860-இல் வேறொருவருக்கு 1,000 பிராங்க் விலைக்குப் போயிற்று. மிலேக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அந்த 1860-ஆம் ஆண்டில் வேறொரு வழி பிறந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மாதம் 1,000 பிராங்க் கொடுத்து, மிலே வரையும் படங்களை எல்லாம் எடுத்துக்கொள்வதாகப் படவியாபாரிகள் ஒப்பந்தம் செய்தார்கள். ரொட்டிக்காரர் வாசலுக்கு வருவது அதன் பிறகு குறைந்தது. 1867-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய ஒன்பது படங்கள் வைக்கப்பட்டன. மறு ஆண்டு அரசாங்கம் விருதுப் பதக்கம் அளித்தது. விருது வந்தபோது ரூசோ உயிரோடு இல்லை. 1867 டிசம்பரில் அவர் இறந்திருந்தார். கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டவர் மிலேதான்.

1870-இல் ஜெர்மானியருடன் போர் மூண்டது. மிலே குடும்பத்தோடு ஷெர்பூருக்குப் போய், 1871 முடிவில் பார்பிசோனுக்கே திரும்பினார். பாரிஸுக்குப் போய்க் குடியேறும் எண்ணம், புகழ் வந்த பிறகும் அவருக்கு வரவில்லை. 1874-இல் பாரிஸில் பெரிய மாளிகை ஒன்றின் சுவர்களில் படம் வரையும்படி அரசாங்கம் கேட்டுக்கொண்டது. உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1875 ஜனவரி மாதத் தொடக்கத்தில், படுக்கையில் இருந்தபடியே, காதரீனுடன் மத முறைப்படித் திருமணம் நடந்தது. ஜனவரி 20-ந்தேதி மிலே காலமானார். வயது 60. பக்கத்து ஊரான ஷாயியில், ரூசோவின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். கொரோ என்ற முதிய ஓவியர், தாமும் சாகும் தறுவாயில் இருந்தவர், மிலேயின் குடும்பத்துக்கு 10,000 பிராங்க் கொடுத்து உதவினார்.

14 ஆண்டுகள் சென்றன. 1889-இல் மாலை மணிப் படம் பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. அமெரிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும் போட்டி போட்டுக் கேட்டார்கள். விலை 5,53,000 பிராங்க் வரையில் ஏறியது! படம் அமெரிக்கா போயிற்று. மறு ஆண்டே பாரிஸ் கடை முதலாளி ஷோஷார் அதைவிடவும் அதிகம் கொடுத்துப் பிரான்சுக்கே வாங்கி வந்தார். ஏலம் நடந்தபோது காதரீன் உயிரோடு இருந்தாள். அந்தப் பணத்தில் அவளுக்கு ஒரு காசும் உரிமையில்லை. ஒரு படம் கை மாறி விற்கும்போதெல்லாம் விலையில் ஒரு பங்கு ஓவியருக்கோ அவர் வாரிசுகளுக்கோ சேர வேண்டும் என்று பிரான்சில் சட்டம் வந்தது 1920-இல். சட்டம் வேண்டும் என்று வாதாடியவர்கள் மிலே குடும்பத்தின் கதையைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

கதிர் பொறுக்கும் பெண்களும் மாலை மணியும் இன்று பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்பிசோனில் மிலேயின் வீட்டையும் கான் சத்திரத்தையும் அருங்காட்சிச் சாலைகளாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஒற்றைத் தெரு நெடுகிலும் இப்பொழுது படக் கடைகள், ஓட்டல்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிஸிலிருந்து காரில் வந்து இறங்குகிறார்கள். குறைந்த செலவில் பிழைக்கலாம் என்று மிலே குழந்தைகளைச் சுமந்து வந்த தெருவில், இன்று ஓர் ஏழை ஓவியர் வீடு பிடிக்க வேண்டுமானால் மிகவும் சிரமப்படுவார்.